இனிஷியல் மாதிரி ஓர் எழுத்து: கமாண்ட் லைன் ஆப்ஷன்களின் பூர்வீகம்

வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம்னு நினைக்கிறேன். ராத்திரி பத்தரை மணி இருக்கும். ஒரு சர்வரில் தினமும் ஓடுகிற பேக்கப்பின் நேரத்தை மாத்தணும். சின்ன வேலை. 'க்ரான்டாப் -ஈ' என்று அடித்தால் பட்டியல் எடிட்டரில் திறக்கும், ஒரு எண்ணை மாத்திட்டு வீட்டுக்குப் போகலாம். அடிச்சேன். எடிட்டர் திறக்கலை. பிராம்ப்ட் அமைதியா அடுத்த வரிக்கு வந்து நின்றது. திரும்ப மேலே பார்த்தா, நான் அடிச்சிருந்தது 'க்ரான்டாப் -ஆர்'.

ஈ என்றால் எடிட். ஆர் என்றால் ரிமூவ். கீபோர்டில் ரெண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள். 'நிச்சயமா அழிக்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்துச் சொச்சம் வேலைகள் கொண்ட மொத்தப் பட்டியலும் போய்விட்டது.

விடிய விடிய உட்கார்ந்து மீட்டோம். க்ரான் தான் ஓட்டுகிற ஒவ்வொரு கமாண்டையும் லாக்கில் நேரத்தோடு ஒரு வரி எழுதிவைக்கும். நாலு வாரத்து லாக் இருந்தது. அதை வைத்து எந்த வேலை எந்த நேரத்துக்கு ஓடியது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பட்டியலைத் திரும்ப எழுதினோம். தினசரி வேலை, வார வேலை, மாச வேலை எல்லாம் கிடைச்சது. ஆனா மூணு மாசத்துக்கு ஒருமுறை ஓடுகிற வேலை ஒன்று இருந்திருக்கிறது. அது அந்த நாலு வார லாக்கில் இல்லை. அது போனதே யாருக்கும் தெரியாது. அடுத்த காலாண்டு முடிந்து கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது.

தப்பு என்னுடையதுதான். முதலில் ஒரு நகல் எடுத்து வச்சிருக்கணும். ஆனாலும் அன்றைக்கு ஒரு கேள்வி மனசில் ஒட்டிக்கிச்சு. இந்த ஒற்றை எழுத்துகளை யார் வச்சாங்க? எந்தக் கணக்கில் வச்சாங்க? அதைத் தேடிப் படித்த குறிப்புகளின் சுருக்கம்தான் இது.

எழுத்துமுறை பற்றி ஒரு சின்ன முன்குறிப்பு. தமிழில் கேப்பிடல், ஸ்மால் என்ற பிரிவே கிடையாது. கமாண்ட் லைனில் அது உயிர்நாடி. அதனால் கேப்பிடல் எழுத்து வரும் இடங்களில் 'பெரிய ஆர்', 'பெரிய பி' என்று எழுதுகிறேன். 'பெரிய' என்று சொல்லாத இடங்களில் எல்லாம் சின்ன எழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒரே எழுத்து?

யுனிக்ஸ் பெல் லேப்ஸில் 1969-இல் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அன்றைக்கு உட்கார்ந்து வேலை பார்த்தது இன்றைய மாதிரி திரை முன்னால் இல்லை. டெலிடைப் என்ற காகிதத்தில் அச்சடிக்கும் இயந்திரம். மாடல் 33 என்ற பிரபலமான டெலிடைப்பின் வேகம் நொடிக்கு 10 எழுத்து. அதன் விசையை அழுத்துவது பழைய டைப்ரைட்டரைக் குத்துவது மாதிரி கனமான வேலை. அப்படிப்பட்ட இடத்தில் 'எல்லாவற்றையும் விரிவாகக் காட்டு' என்று முழு வாக்கியமா யார் அடிப்பா? ஓர் எழுத்து மிச்சம் என்றால் விரலுக்கும் மிச்சம், நேரத்துக்கும் மிச்சம்.

அந்த மாடல் 33-இல் சின்ன எழுத்தே கிடையாது, எல்லாம் கேப்பிடல்தான். யுனிக்ஸ் அதைச் சின்ன எழுத்தாக மாத்தி உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட டெர்மினலிலிருந்து உண்மையிலேயே கேப்பிடல் வேணும்னா முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடணும். இந்தச் சூழலில் கேப்பிடல் எழுத்து யாருக்கும் வசதியா இருந்திருக்காது.

யுனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதில் 'எல்எஸ்' கமாண்டுக்கு அஞ்சே அஞ்சு ஆப்ஷன்தான்: எல், டி, ஏ, எஸ், டி. முதல் 'டி' டைம், அதாவது நேரப்படி வரிசை. கடைசி 'டி' டைரக்டரி. (தமிழில் ரெண்டும் ஒரே மாதிரி எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) எல் என்றால் லாங், ஏ என்றால் ஆல், எஸ் என்றால் சைஸ். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த அஞ்சும் இன்றைக்கு உங்க லேப்டாப்பில் அதே அர்த்தத்தில் வேலை செய்கின்றன. நாம் எழுதுகிற புரோகிராமில் எது இத்தனை வருஷம் தாங்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஹைஃபன் எங்கிருந்து?

யுனிக்ஸுக்கு முன்னால் பெல் லேப்ஸ் பங்கெடுத்த பெரிய திட்டம் மல்டிக்ஸ். அங்கேயும் கமாண்டுக்குப் பின்னால் ஹைஃபன் போட்டு ஒரு சொல்லை எழுதுவாங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளப் பெயரும் ஒரு சுருக்கப் பெயரும் இருக்கும்: '-ப்ரீஃப்' என்றும் எழுதலாம், '-பிஎஃப்' என்றும் எழுதலாம். 'எல்எஸ்' என்ற பெயரே மல்டிக்ஸின் 'லிஸ்ட்' கமாண்டுக்கான சுருக்கம்தான். தாத்தா வீட்டுப் பாத்திரம் பேரன் வீட்டில் புழங்குற மாதிரி.

ஆனா எல்லா கமாண்டும் ஹைஃபனை ஏத்துக்கலை. 'ஏஆர்' என்று ஒரு கமாண்ட் அதே முதல் மேனுவலில் உண்டு. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிவைப்பது அதன் வேலை. அதில் முதல் சொல்லே 'சாவி'. டி போட்டால் உள்ளடக்கப் பட்டியல், எக்ஸ் போட்டால் வெளியே எடு, ஆர் போட்டால் பழசை எடுத்துட்டுப் புதுசை வை, கூடவே வி போட்டால் செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய். ஹைஃபன் தேவையில்லை. 1979-இல் ஏழாவது பதிப்பில் 'டார்' வந்தது. டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். அது ஏஆரின் சாவிகளை அப்படியே எடுத்துக்கிச்சு. பிற்பாடு ஜாவா வந்தபோது 'ஜார்' கமாண்டும் அதே எக்ஸ், டி, வி, எஃப். நூல் பிடிச்ச மாதிரி ஒரே வம்சம். இன்றைக்கும் 'டார் எக்ஸ்விஎஃப்' என்று ஹைஃபன் இல்லாமல் அடித்தால் வேலை செய்வது இதனால்தான்.

இதில் ஒரு பொறி இருக்கு. ஹைஃபன் இல்லாமல் 'சிஎஃப்வி' என்று எழுத்துகளை எந்த வரிசையில் போட்டாலும் பரவாயில்லை; அடுத்து வரும் சொல்லை டார் எஃப்-க்கான ஃபைல் பெயரா எடுத்துக்கும். ஹைஃபனோடு '-சிஎஃப்வி' என்று போட்டால் புது விதி. எஃப்-ஐ ஒட்டி வருவதே ஃபைல் பெயர். அதாவது 'வி' என்ற பெயரில் ஓர் ஆர்க்கைவ் உருவாகும். நீங்க பெயர் என்று நினைச்சுக் கொடுத்ததை 'இப்படி ஒரு ஃபைலைக் காணோம்' என்று சொல்லும். ஹைஃபன் போட்டால் எஃப் எப்பவும் கடைசி என்று பழகிக்கொள்வது நல்லது.

'பிஎஸ்' கமாண்டிலும் இதே ரெட்டை மரபு. 'பிஎஸ் ஏயுஎக்ஸ்' பெர்க்லி வழி, ஹைஃபன் கிடையாது. 'பிஎஸ் -ஈஎஃப்' ஏடி அண்ட் டி வழி. ஈ என்றால் எவ்ரி, எஃப் என்றால் ஃபுல். ரெண்டையும் கலந்து '-ஏயுஎக்ஸ்' என்று போட்டால், தரநிலைப்படி அதன் பொருள் 'எக்ஸ் என்ற யூசருடைய புராசஸ்களையும் காட்டு' என்பது. அப்படி யாரும் இல்லைன்னா லினக்ஸ் நம்ம மேல இரக்கப்பட்டு 'ஏயுஎக்ஸ்' என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒரே இனிஷியல், பல அப்பா

பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூணு 'எஸ். ரவி' இருந்தா என்ன ஆகும்? ஒருத்தன் சுப்ரமணியன் பையன், ஒருத்தன் சங்கரன் பையன், இன்னொருத்தன் செல்வம் பையன். இனிஷியல் ஒன்றுதான், அப்பா வேற வேற. ஆப்ஷன் எழுத்தும் அப்படித்தான். அதைச் சுருக்கமா பார்க்காம இனிஷியலா பார்த்தா குழப்பம் பாதி தீர்ந்துடும்.

என் எழுத்தை எடுத்துக்கோங்க. இதுக்கு ரெண்டு பெரிய குடும்பம். ஒன்று 'நம்பர்' குடும்பம்: சார்ட் -என் எண் மதிப்புப்படி வரிசைப்படுத்தும், க்ரெப் -என் வரி எண் காட்டும், ஹெட் -என் எத்தனை வரி என்று கேட்கும். இன்னொன்று 'நோ' குடும்பம்: எக்கோ -என் கடைசியில் புது வரி வேண்டாம், செட் -என் தானா அச்சிட வேண்டாம், மேக் -என் எதையும் ஓட்டாதே, என்ன செய்வாய்னு மட்டும் சொல். ஆர்சிங்க் -என்-உம் அதே ஒத்திகைதான்.

இப்போ கிட் பக்கம் வாங்க. 'கிட் க்ளீன் -என்' ஒத்திகை. 'கிட் ஆட் -என்' ஒத்திகை. 'கிட் புஷ் -என்' ஒத்திகை. இந்தப் பழக்கத்தில் ஒருத்தர் 'கிட் கமிட் -என்' அடிச்சா? அது ஒத்திகை இல்லை. 'நோ வெரிஃபை'. கமிட்டுக்கு முன்னால் ஓடவேண்டிய சோதனைகளைத் தாண்டிக் குதிச்சு, நிஜமாகவே கமிட் செய்துவிடும். 'கிட் லாக் -என்' என்றால் நம்பர். 'கிட் செர்ரிபிக் -என்' என்றால் கமிட் செய்யாதே. ஒரே கருவிக்குள்ளேயே நாலு அப்பா.

வி-யும் அப்படித்தான். பெரும்பாலும் வெர்போஸ், சில இடத்தில் வெர்ஷன். பைத்தானில் சின்ன வி வளவளன்னு பேசும், பெரிய வி பதிப்பு எண் சொல்லும். நோடில் சின்ன வி-யே பதிப்பு எண். ஆனா க்ரெப்பில் வி ரெண்டுமே இல்லை: பொருந்தாத வரிகளை மட்டும் காட்டு. இதுக்கு க்ரெப்பின் பூர்வீகத்தைப் பார்க்கணும். 'ஈடி' என்ற பழைய எடிட்டரில் ஜி என்ற கமாண்ட், ஒரு பேட்டர்னுக்குப் பொருந்தும் எல்லா வரிகளிலும் ஒரு வேலையைச் செய்யும். ஜி, பிறகு ரெகுலர் எக்ஸ்பிரஷன், பிறகு அச்சிடப் பி: அந்த மூணும் சேர்ந்துதான் 'க்ரெப்' என்ற பெயரே. அதே எடிட்டரில் ஜி-க்கு நேர் எதிரான கமாண்டின் எழுத்து வி. க்ரெப்பிலும் எதிர்மறைக்கு அதே வி. பின்னாளில் க்னு ஆட்கள் இதுக்கு 'இன்வர்ட் மேட்ச்' என்று நீளப் பெயர் வச்சாங்க. 'இன்வர்ட்' என்ற சொல்லுக்குள் வி இருப்பதால் மனப்பாடத்துக்கும் வசதி.

இடம் காலி இல்லைன்னா?

ஒரு கமாண்டில் பொருத்தமான எழுத்தை ஏற்கெனவே ஒருத்தர் பிடிச்சுட்டா, பின்னால் வருபவருக்கு மாடிதான்: கேப்பிடல் எழுத்து.

நல்ல உதாரணம் எஸ்எஸ்எச். அதில் போர்ட் எண்ணுக்குச் சின்ன பி. கூடவே வரும் எஸ்சிபி-யில் பெரிய பி. ஏன்? எஸ்சிபி ஃபைல்களை நகலெடுக்கும் வம்சம். 'சிபி' கமாண்டில் சின்ன பி என்றால் ப்ரிசர்வ், அதாவது ஃபைலின் நேரத்தையும் அனுமதிகளையும் மாத்தாமல் வை. அந்தச் சொத்து ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சு. எஸ்சிபியின் மேனுவலே இந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்கிறது. இது தெரிஞ்ச பிறகு எனக்கு ரெண்டும் மாறிப்போனதே இல்லை.

டேட்டாபேஸ் பக்கம் இதே பி வேற கதை. பிஎஸ்க்யூஎல்-லில் சின்ன பி போர்ட். மைஎஸ்க்யூஎல்-லில் சின்ன பி பாஸ்வேர்ட், பெரிய பி போர்ட். அதிலும் பாஸ்வேர்டை எழுத்தோடு ஒட்டி எழுதணும். இடைவெளி விட்டால் அதை டேட்டாபேஸ் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்து ஆர். ரிகர்சிவ், அதாவது உள்ளே இருக்கும் எல்லா டைரக்டரிக்குள்ளும் போ. ஆர்எம்-இல் சின்னதும் பெரியதும் ஒன்றே. எல்எஸ்-இல் சின்ன ஆர் தலைகீழ் வரிசை, அதனால் ரிகர்சிவுக்குப் பெரிய ஆர். 'சிஎச்மாட்'-இல்தான் ஆபத்து. அங்கே ஹைஃபன் என்பதே ஆப்ஷன் குறி மட்டும் இல்லை, 'பறித்துக்கொள்' என்ற பொருளும் உண்டு. ப்ளஸ் ஆர் என்றால் படிக்கும் அனுமதி கொடு. மைனஸ் ஆர் என்றால் படிக்கும் அனுமதியைப் பிடுங்கு. ரிகர்சிவ் என்று நினைச்சு 'சிஎச்மாட் -ஆர் 755' என்று ஒரு டைரக்டரி பெயரைக் கொடுத்துப் பாருங்க. வேண்டாம், கொடுக்காதீங்க. 755 என்ற ஃபைலைக் காணோம் என்று திட்டும். நீங்க அந்தத் திட்டைப் படிச்சுக்கிட்டிருக்கும்போதே டைரக்டரியின் படிக்கும் அனுமதி போயிருக்கும்.

டாருக்கும் இடப் பிரச்சினை வந்தது. ஜிஜிப்புக்கு இஸட் கிடைச்சது. பிஜிப்2 வந்தபோது நியாயமா பி கொடுத்திருக்கணும். ஆனா பி-யை டேப் காலத்திலேயே 'ப்ளாக்' பிடிச்சாச்சு, ஒரே மூச்சில் டேப்பில் எத்தனை ப்ளாக் எழுதணும் என்பதற்காக. அதனால் சம்பந்தமே இல்லாத ஜே. பிறகு எக்ஸ்இஸட் வந்தது. எக்ஸ், எக்ஸ்ட்ராக்ட் கையில். அதனால் பெரிய ஜே. சுருளும் டேப்பை நேரில் பார்க்காத தலைமுறையும் டேப்புக்காக ஒதுக்கின எழுத்தைத் தாண்டித்தான் நடக்கவேண்டியிருக்கு.

வரியைத் துண்டாக்கும் எழுத்தும் இப்படியே. கட் கமாண்டில் டிலிமிட்டர், அதனால் டி. ஆக்-இல் ஃபீல்ட், ஆனா சின்ன எஃப் புரோகிராம் ஃபைலுக்குப் போயிட்டதால் பெரிய எஃப். சார்ட்-இல் மட்டும் '-டி', அதுவும் டிலிமிட்டரின் டி இல்லை, டைமுக்கு வரும் அந்த இன்னொரு டி. ஏன் என்று பல வருஷம் புரியலை. 1979 மேனுவலில் விடை இருக்கு: அதில் பிரிக்கும் குறியை 'டேப் கேரக்டர்' என்று அழைக்கிறாங்க. பெயர் போயிடுச்சு, இனிஷியல் நின்னுடுச்சு.

ஒழுங்கு வந்த கதை

ஆரம்பத்தில் ஒவ்வொரு புரோகிராமும் தன் ஆப்ஷன்களைத் தானே பிரிச்சுப் படிச்சது. ஒன்றில் எழுத்துகளைச் சேர்த்து எழுதலாம், இன்னொன்றில் கூடாது. இதைச் சீராக்க ஏடி அண்ட் டி 'கெட்ஆப்ட்' என்ற ஃபங்ஷனை எழுதி, 1985-இல் டல்லஸில் நடந்த யுனிஃபோரம் மாநாட்டில் அதன் மூல நிரலை எல்லாரும் இலவசமா எடுத்துக்கட்டும்னு கொடுத்தாங்க. அப்படிக் கொடுத்ததால்தான் எல்லா ஊர் யுனிக்ஸிலும் ஒரே நடை வந்தது. பிறகு போசிக்ஸ் தரநிலை அதை விதியாக்கிச்சு: ஆப்ஷன் பெயர் ஓர் எழுத்து அல்லது ஓர் இலக்கம், பெரிய டபிள்யூ மட்டும் தயாரிப்பாளர்களின் சொந்த உபயோகத்துக்கு.

அதே விதிகளில் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது ரெட்டை ஹைஃபன். தனியா ரெண்டு ஹைஃபன் போட்டால், 'ஆப்ஷன் முடிஞ்சது, இனி வருவதெல்லாம் ஃபைல் பெயர்' என்று பொருள். எதுக்குத் தேவைன்னு கேட்கலாம். '-ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு ஃபைல் டைரக்டரியில் கிடந்தா, 'ஆர்எம் *' என்று அடிக்கும்போது ஷெல் அந்த நட்சத்திரத்தை ஃபைல் பெயர்களா விரிச்சுத்தான் கொடுக்கும். ஆர்எம்முக்கு அது பெயரா, ஆப்ஷனா என்று தெரிய வழியே இல்லை. நடுவில் ரெட்டை ஹைஃபன் இருந்தா தப்பிச்சீங்க.

எழுத்துகள் தீர்ந்து, குழப்பம் பெருகினபோது க்னு திட்டம் நீளப் பெயர்களைக் கொண்டுவந்தது. ரெட்டை ஹைஃபனுக்குப் பிறகு முழுச் சொல்: '--ரிகர்சிவ்', '--டிரை-ரன்'. எல்லாப் புரோகிராமும் '--ஹெல்ப்', '--வெர்ஷன்' ரெண்டையும் தரணும் என்று அவங்க வழிகாட்டியிலேயே எழுதிவச்சாங்க. யோசிச்சா, மல்டிக்ஸில் இருந்த நீளப் பெயர், சுருக்கப் பெயர் ஏற்பாடு சுத்திச் சுத்தி வீடு வந்து சேர்ந்திருக்கு.

நான் கடைப்பிடிப்பது

கையால் அடிக்கும்போது ஓர் எழுத்து. ஸ்க்ரிப்டில் எழுதும்போது முழுப் பெயர். அடிக்கிற நேரத்தில் மிச்சமாவது என் விரல். ஆனா ஸ்க்ரிப்டை ரெண்டு வருஷம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வேற ஒருத்தர் படிக்கப்போறார். அவருக்கு 'என்' என்று ஒரு இனிஷியலை மட்டும் விட்டுட்டுப் போகக்கூடாது.

புது கமாண்டில் ஒரு எழுத்து எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்தா, அதுதான் மேனுவலைத் திறக்கவேண்டிய நேரம். தெரியாத எழுத்து ஆபத்தில்லை, நாம எப்படியும் பார்த்துடுவோம். தெரிஞ்ச முகம்னு தோளில் கைபோடும்போதுதான் அது வேற ரவி என்று தெரியும்.

க்ரான்டாப் விஷயத்தில், அன்றைக்கு அப்புறம் நான் பட்டியலை நேரா எடிட் செய்வதில்லை. 'க்ரான்டாப் -எல்' போட்டு ஒரு ஃபைலில் எடுத்து, அந்த ஃபைலைத் திருத்தி, 'க்ரான்டாப்' என்ற கமாண்டுக்கு அந்த ஃபைல் பெயரைக் கொடுத்துத் திரும்ப ஏத்துவேன். ஈ-யும் வேண்டாம், ஆர்-உம் வேண்டாம், எப்பவும் ஒரு நகல் கையில் இருக்கும். இன்றைய பல லினக்ஸ்களில் ஆர் கூட '-ஐ' சேர்த்தா அழிக்கும் முன் கேட்கவும் கேட்கும். ஆனா 'ஐ' போட ஞாபகம் இருக்கிற ஆள், முதல்லயே 'ஆர்'-ஐத் தப்பா அடிச்சிருக்கமாட்டார்.

அந்த மூணு மாச வேலையைப் பிறகு திரும்ப எழுதினோம். இப்போ அதன் மேலே ஒரு கமென்ட் வரி இருக்கு: இது யாருக்காக, எதற்காக, எப்போ ஓடும் என்று, முழுச் சொற்களில்.